சொந்த மூச்சில் ஓடும் கார்: வத்திராயிருப்பு வாலிபருக்கு எட்டுப் படிகளில் ஒரு வழிகாட்டி

தம்பி, உங்களுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் தபாலில் வந்துவிட்டது. அதில் உள்ள போட்டோவைப் பார்த்தால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறீர்கள். இருந்தாலும் கார் ஓட்டலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டுவிட்டது. கூமாபட்டியை ரீல்ஸ் போட்டே 2025-இல் ஊர் உலகத்துக்குத் தெரியவைத்த மண் இது. பிளவக்கல் அணைப் பின்னணியில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றால் எப்படி இருக்கும் என்று ராத்திரி தூக்கம் வராமல் யோசிக்கிறீர்கள். அதுவும் டர்போ இல்லாத கார். "டர்போ எல்லாம் ஏமாத்து வேலை மாப்ள, என்.ஏ. இன்ஜின்தான் நிஜம்" என்று டீக்கடையில் ஒரு நண்பன் சொல்லிவிட்டான். அவனிடம் இருப்பது சைக்கிள். அதுவும் டர்போ இல்லாததுதான்.

இந்த விஷயத்தில் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 1998 மாடல் மாருதி ஜென் ஒன்றை நாலு வருஷம் வைத்திருந்தேன். வாங்கிய விலைக்கு மேல் இன்னொரு மடங்கு அதில் செலவழித்து, வாங்கிய விலையில் பாதிக்கு விற்றேன். இதைவிடப் பெரிய படிப்பு எந்தக் கல்லூரியிலும் இல்லை. இனி படிப்படியாகப் போவோம்.

படி 1: எதற்கு ஆசைப்படுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இன்ஜின் என்பது மூச்சு விடுகிற ஜந்து. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கிறது. உள்ளே வந்த காற்றில் எவ்வளவு பெட்ரோல் எரியுமோ அவ்வளவுதான் சக்தி. டர்போ என்பது கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிப்பார்கள். திணிக்கிற அளவுக்குச் சக்தி கூடும்.

துருத்தி இல்லாத இன்ஜினுக்கு, அதாவது உங்கள் நண்பன் சொன்ன என்.ஏ. இன்ஜினுக்கு, ஆகாயம் தருகிற காற்றழுத்தம் மட்டும்தான் சொத்து. சொந்த மூச்சில் ஓடுகிறது. அதன் அழகு வேறு: மிதித்த கணமே பதில் சொல்லும். டர்போ வண்டியைக் கூப்பிட்டால் "இந்தா வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சட்டை தேடும். வந்த பிறகு ஓட்டமாக ஓடும். இப்போதைய டர்போக்கள் சீக்கிரம் சட்டை போடப் பழகிவிட்டன என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் ஊரெல்லாம் டர்போ? சக்தி மேல் உள்ள பிரியம் பாதி, வரி பாதி. 1,200 சிசிக்குள், நாலு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் பெட்ரோல் காருக்கு நம் நாட்டில் வரி குறைவு. அதனால் கம்பெனிக்காரர்கள் இன்ஜினின் வயிற்றைச் சுருக்கி, பக்கத்தில் துருத்தி வைத்து ஊதுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து வரும் ஹூண்டாய் ஐ20 என் லைன் காருக்கு இன்ஜின் வெறும் ஒரு லிட்டர். சக்தி 120 குதிரை. சொந்த மூச்சில் அதே அளவு குதிரைகளைக் கட்ட ஹோண்டா சிட்டிக்கு ஒன்றரை லிட்டர் தேவைப்படுகிறது.

ஒரு ஆறுதல். டர்போ இல்லாத இன்ஜின் உங்கள் வீட்டிலேயே ஏற்கெனவே இருக்கலாம். தோப்புக் கிணற்றடியில் 'டக் டக்' என்று தண்ணீர் இறைத்த ஆயில் இன்ஜின், தொழுவத்துப் பக்கத்தில் நிற்கும் பழைய மேசி ஃபெர்குசன் டிராக்டர் எல்லாமே சொந்த மூச்சுக்காரர்கள்தான். இந்தக் கட்டுரையின் பின்பகுதியில் அந்த டிராக்டருக்கு ஒரு முக்கியமான வேஷம் உண்டு. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

முதலில் கனவுப் பட்டியல். மாஸ்டா எம்எக்ஸ்-5: 1989-இல் வந்த இரண்டு சீட்டு ஜப்பான் வண்டி. டொயோட்டா 86: 2012-இல் வந்தது, இரண்டு லிட்டர், 200 குதிரை. டர்போ இல்லாத ஸ்போர்ட்ஸ் கார் என்று உலகத்தில் யாரைக் கேட்டாலும் இந்த இரண்டைத்தான் கை காட்டுவார்கள். இரண்டையும் இந்தியாவில் அந்தக் கம்பெனிகள் விற்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வரியும் கட்டி வாங்குவதற்குள் தென்னந்தோப்பு, தோப்புக்குப் போகிற பாதை, பாதையை ஒட்டிய வரப்பு வரைக்கும் போய்விடும்.

அடுத்து, உள்நாட்டுப் பெருமை. கோவாவில் சான் ஸ்டார்ம் என்று ஒரு திறந்த கூரைக் கார் செய்தார்கள். இரண்டு சீட்டு, 1.2 லிட்டர் இன்ஜின், 60 குதிரை. பார்க்கப் பரம ஸ்போர்ட்ஸ். உதிரி பாகம் கேட்டுக் கடைக்குப் போனால் கடைக்காரர் உங்களையே ஏற இறங்கப் பார்ப்பார்.

மூன்றாவதுதான் நம்ம சந்தை, அதாவது செகண்ட் ஹேண்ட். 2000 வாக்கில் வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக், 106 குதிரை. நிதானமாகப் போக ஒரு கேம், வேகமாகப் போக வேறொரு கேம் என்று வால்வைத் திறக்க இரண்டு ஏற்பாடு அதில் உண்டு. நல்ல நிலையில் உள்ளதை வைத்திருப்பவர் விற்க மாட்டார். விற்பவரிடம் இருப்பது நல்ல நிலையில் இருக்காது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகான் 1.6, 92 குதிரை. இந்தியாவில் கார் உற்பத்திக்கு முழுக்குப் போடுவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்துவிட்டது. ஃபியட் பாலியோ 1.6, 100 குதிரை. விளம்பரத்தில் சச்சின் டெண்டுல்கர் வந்தார். பெட்ரோல் போட அவர் வரமாட்டார்.

மிச்சம் இருப்பவை மாருதியின் பிள்ளைகள். 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட், 1.3 லிட்டர். 1993-இல் வந்த ஜென்: 993 சிசி, அலுமினிய இன்ஜின், 50 குதிரை, எடை முக்கால் டன்தான். எல்லோருக்கும் மூத்தது மாருதி 800: 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரை.

37 குதிரையா என்று சிரிக்காதீர்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் 1988-இல் ஃபார்முலா மாருதி என்று ஒரு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி செய்தபோது அதற்குள் வைத்தது இந்த 800 இன்ஜினைத்தான். உங்கள் அம்மா காய்கறி வாங்கப் போன அதே இன்ஜின். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில். 2005-இல் அவர் ஃபார்முலா 1-க்குப் போனபோது ஜோர்டான் அணி கொடுத்த காரில் இருந்தது மூன்று லிட்டர், பத்து சிலிண்டர் இன்ஜின். அதிலும் டர்போ கிடையாது. அந்தக் காலத்து ஃபார்முலா 1-இல் டர்போவுக்குத் தடை. 2014-இல்தான் மறுபடி உள்ளே விட்டார்கள். அஜித் குமார் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்ததும் போர்ஷே ஜிடி3 கப் காரில், நாலு லிட்டர் சொந்த மூச்சு இன்ஜினில்தான்.

ஆகவே, நீங்கள் 800 வாங்கினால் வம்சாவளியில் குறை ஒன்றும் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

படி 3: வீட்டில் சொல்லுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்கள் அடிபட்டு நிற்கின்றன. என் வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை மாதிரிக்குத் தருகிறேன். அப்பா தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பாத்திருக்கேன்."

"எத்தனை சீட்டு?"

"ரெண்டு."

"உரமூட்டையை எங்கன வைக்கிறது?"

"அதான் டிராக்டர் இருக்கேப்பா."

"அம்மாச்சியை எங்கன வைக்கிறது?"

பதில் இல்லை. அம்மாச்சியும் திண்ணையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தாணிப்பாறைக்கு அமாவாசை தவறாமல் போகிற ஆள். அப்பா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாலு கதவு இருந்தா பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லா நல்ல காரியத்துக்கும் முட்டுக்கட்டை போடுவதே இவருக்கு வேலை என்று அம்மாவிடம் புலம்பினேன். முட்டுக்கட்டை என்ற சொல்லை அன்றைக்கு அர்த்தம் தெரியாமல் சொல்லிவிட்டேன். அது எட்டாவது படியில் வரும்.

பாடம்: வீட்டில் 'ஸ்போர்ட்ஸ்' என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. 'மைலேஜ்' என்று ஆரம்பியுங்கள். 'ஏசி உண்டு' என்று தொடருங்கள். 'அம்மாச்சிக்கு ஏறி இறங்க வசதி' என்று முடியுங்கள். நாலு கதவு வண்டிக்குள்ளேயே உங்கள் ரகசிய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கட்டும்.

படி 4: வண்டியைப் பார்க்கப் போங்கள்

புரோக்கர் அண்ணாச்சி சொல்வது எல்லா ஊரிலும் ஒரே வசனம்தான்: "ஒரே ஓனர் தம்பி. டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் போயிருக்கு." விருதுநகர் மாவட்டத்தில் விற்ற பழைய கார்களை எல்லாம் எண்ணிப் பார்த்தால், ஒரு டாக்டருக்கு நூறு கார் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் போய் நில்லுங்கள். சூடாக்கி வைத்த இன்ஜின் எல்லா நோயையும் மறைத்துவிடும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்னால் புரோக்கர் வந்துவிட்டார் என்று பொருள். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். பால்கோவா ஊர்க்காரருக்கு அந்த நிறத்தை அடையாளம் காட்ட வேண்டியதில்லை. மிதியடியைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா பாருங்கள். என் ஜென்னில் தூக்கிப் பார்த்தபோது ரோடு தெரிந்தது. "காத்தோட்டத்துக்கு" என்றார் அண்ணாச்சி.

ஆர்சி புக்கில் தேதியைப் பாருங்கள். சொந்த காருக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி நிற்கிற அந்த நாளை இப்போதே மனதில் ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று: இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாயும் வாஷரும் அதற்காகச் செய்ததில்லை. முதல் செலவாகப் பெட்ரோல் குழாயை மாற்றுங்கள். இதில் ரீல்ஸ் போட ஒன்றும் இல்லை. வண்டி தீப்பிடிக்காது, அவ்வளவுதான்.

படி 5: மாற்றியமையுங்கள்

இதற்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்.

ஸ்டிக்கர்: சிவகாசி பக்கத்தில் இருக்கிற பாக்கியம், அச்சடிக்கப் பஞ்சமில்லை. ஒரு நெருப்பு ஸ்டிக்கருக்கு ஐந்து குதிரை கூடும் என்பது இளைஞர்களின் நம்பிக்கை. வேகம் கூடாது, உங்கள் வண்டியை ஊருக்கு அடையாளம் தெரிவது கூடும். அது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் சாயங்காலம் எந்தத் தெருவில் சுற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஏர் ஃபில்டர்: கூம்பு மாதிரி ஒன்றை விற்பார்கள். பழைய டப்பாவைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் 'உஸ்ஸ்' என்று உறிஞ்சும் சத்தம் வரும். கம்பெனி வைத்த டப்பா, வெளிக்காற்றைக் குழாய் வழியாக எடுத்துவரும். கூம்போ இன்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் சூட்டையே குடிக்கும். சூடான காற்று மெலிந்த காற்று. 25 டிகிரியில் கிடைப்பதை விட 40 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் ஐந்து சதவீதம் குறைவு. அதாவது, சித்திரை வெயிலில் ஜென்னின் ஐம்பது குதிரையில் இரண்டு நிழலுக்கு ஒதுங்கிவிடும். கூம்பு மாட்டினால் இன்னும் ஒன்றிரண்டு கூடப் போய் உட்காரும்.

சைலன்சர்: இதற்காக ஒரு பட்டறையில் அரை நாள் நின்றேன். மெக்கானிக் அண்ணன் கையில் வெல்டிங் கண்ணாடி, வாயில் வெற்றிலை. பழைய சைலன்சரை அறுத்துக் கீழே போட்டபோது உள்ளேயிருந்து ஒரு கை துருத் தூள் கொட்டியது. புதுசை வைத்துப் பற்றவைத்துவிட்டு, கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டார். திரும்பக் கால் சுற்று. "இப்பப் பாடுது பாரு" என்றார். உண்மையிலேயே பாடியது. நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டு குழந்தைகள் எழுந்து அழுதன, ஒரு பசு கயிற்றை அறுத்தது. அப்பா வாசலுக்கு வந்து, "கெணத்து இன்ஜினையா தூக்கிட்டு வந்திருக்க?" என்று கேட்டார். கூடிய சக்தி ஒரு குதிரை இருக்கலாம். அதையும் இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது தருகிற இழுவையில் பிடித்துக்கொண்டார்கள். தாணிப்பாறை ஏற்றத்தில் அதற்கப்புறம் ஒரு கியர் கீழே போட வேண்டியிருந்தது.

கம்ப்யூட்டர் மேப்: இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் கணக்கு இது. டர்போ வண்டியில் துருத்தியைக் கொஞ்சம் கூட ஊதச் சொல்லி மேப்பை மாற்றினால் சக்தி நன்றாகக் கூடும். சொந்த மூச்சு வண்டியில் ஊதச் சொல்ல ஆள் இல்லை. மேப் மாற்றிக் கிடைப்பது சொற்பம். நிஜமாகவே கூட்ட வேண்டுமென்றால் கேம் மாற்ற வேண்டும், ஹெட்டின் துவாரங்களைத் தேய்த்துப் பெரிதாக்க வேண்டும், கம்ப்ரஷனை ஏற்ற வேண்டும். அந்தப் பணத்தில் இன்னொரு ஜென் வாங்கலாம். இரண்டு ஜென், மொத்தம் நூறு குதிரை. கணக்கு சரிதானே?

தாழ்த்துதல்: ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தரையோடு பதிய வைப்பது. சாலை விதிப்படி வேகத்தடை என்றால் பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். நம் ஊர்க்காரர்கள் உயரத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். கிருஷ்ணன்கோவிலிலிருந்து வீடு வரும் வழியில் ஒவ்வொரு தடையிலும் நீங்கள் அம்மாச்சியை இறக்கி, தாண்டி, மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். என் அம்மாச்சி மூன்றாவது தடையில் இறங்கி, மினி பஸ்ஸைக் கை காட்டி ஏறிப் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் வீடு சேர்ந்தது.

ஸ்பாய்லர்: காற்று வண்டியைத் தரையோடு அமுக்க வைக்கும் இறக்கை. அமுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 180-இல் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 60-இல் கிடைக்கும். நம் ரோட்டில் அது துண்டு காயப்போடப் பயன்படும். என் வீட்டில் அப்பளமும் காய்ந்தது.

எடை குறைத்தல்: சொந்த மூச்சு வண்டிக்கு இதுதான் செலவில்லாத மருந்து. குதிரையைக் கூட்ட முடியாவிட்டால் பாரத்தைக் குறை. டிக்கியில் கிடக்கும் சப்-வூஃபர், அரை மூட்டை யூரியா, போன வருஷத் தேங்காய், சித்தப்பாவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு, எல்லாவற்றையும் இறக்குங்கள். கூடவே நாலு நண்பர்களையும் இறக்கினால் ஜென் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதைச் செய்தவர் ஊரில் யாருமில்லை. நண்பர்கள் இல்லையென்றால் வண்டி யாருக்குக் காட்ட?

டயரும் பிரேக்கும்: இவற்றைப் பட்டியலில் கடைசியில் போட்டிருக்கிறேன். ஏனென்றால் நீங்களும் அங்கேதான் போடுவீர்கள். ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் உங்கள் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கை, அதற்கு மேல்தான் ஸ்டிக்கர், சைலன்சர், ஸ்பாய்லர், நீங்கள், அம்மாச்சி எல்லாம். வழுக்கை டயரில் ஸ்பாய்லர் மாட்டியவன், செருப்பில்லாமல் தலைப்பாகை கட்டியவன்.

படி 6: சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி செய்த விதத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் திருத்திய சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொன்றுக்கும்' என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மாற்றத்தை எல்லாம் எண்ணிக்கொண்டே வந்தால் அபராதம் வண்டி விலையைப் பிடித்துவிடும். சத்தத்துக்குத் தனிப் பிரிவு. 10,000 வரை போகலாம், லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். கண்ணாடியில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமுக்கு உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை போட்டுவிட்டது. முன்னால் மாட்டும் இரும்பு பம்பர் கார்டுக்கு 2017 டிசம்பரில் தடை. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இடம் உண்டு.

இதோடு நமக்கென்று ஒரு கூடுதல் அதிகாரி உண்டு. ஊருக்கு மேற்கே தெரிகிற மலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். புலி அபராதம் போடாது. ஆனாலும் அந்தி நேரத்தில் அடிவாரத்தில் சைலன்சரை அலற விடுவது, தூங்குகிற பெரியப்பா காதில் ஊதுவதைப் போன்றது. செய்து பார்க்கலாம், ஒரு தடவை.

படி 7: ஓட்டுங்கள்

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். எதிரே ஆடு. கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. அதற்குள் வண்டி 17 மீட்டர் போய்விடும். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றால் அதற்குமேல் 20 மீட்டரில் நிற்கும். ஆக 37 மீட்டர். 100-இல் போனால் அதே கணக்கு சுமார் 83 மீட்டர். நம் பக்கத்து ஆடு அவ்வளவு தூரத்திலிருந்து முன்னறிவிப்புத் தருவதில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் குடும்பத்தோடு முடிவெடுக்கும்.

இந்தக் கணக்கு காய்ந்த ரோட்டுக்கு. அறுவடைக் காலத்தில் நம் ரோடு காய்ந்த ரோடு இல்லை, நெல் காய்கிற ரோடு. என் கதை அங்கேதான் முடிந்தது. சாயங்கால நேரம், புது சைலன்சர், மூன்றாவது கியரில் இன்ஜின் பாடிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால் பாதி ரோட்டுக்கு நெல் பரப்பியிருந்தார்கள். ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள், நான்தான் பார்க்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். ஜென் நின்றது, அதாவது சக்கரம் நின்றது. வண்டி நெல்மணிகள் மேல் வழுக்கிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், ரோட்டை விட்டு இறங்கி வரப்பைத் தாண்டி மூக்கு கீழாகப் போய் உட்கார்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் ஊருக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்கு என்னால் வியாபாரம் இல்லை. நெல்லுக்காரம்மா திட்டியதை இங்கே அச்சிட முடியாது. பாதி நியாயம், மீதி முழு நியாயம்.

வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவர்தன் பேரிலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல். அங்கே ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, ஆடு கிடையாது, நெல் கிடையாது.

படி 8: நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

அப்பா டிராக்டரோடு வந்தார். ஒன்றும் பேசவில்லை. வடக்கயிற்றை ஜென்னின் பின்பக்கக் கொக்கியில் கட்டினார். சொந்த மூச்சு மேசி ஃபெர்குசன், ஐம்பது குதிரைக்காரனை நாலு இழுப்பில் மேலே கொண்டுவந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே அப்பா இறங்கி, ஒரு புளியமரக் கட்டையை ஜென்னின் சக்கரத்துக்குக் கீழே செருகினார். அது திரும்பிச் சரியவில்லை.

அப்போதுதான் ஆடிப்பூரத் தேர் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வருவார்கள். நானும் பிடித்திருக்கிறேன். கூட்டம் இழுக்கிறது, கூட்டம் கத்துகிறது, கூட்டத்துக்குத்தான் பெருமை. ஆனால் அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும், சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்துவந்து சரியான நேரத்தில் கட்டையைச் செருகுகிற சில பேர்தான். அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. நாம் ஏதோ கெட்ட வார்த்தை மாதிரி ஆக்கிவிட்டோம்.

மறுநாள் நாலு புது டயர், முன்னால் புது பிரேக் பேட், பின்னால் டிரம் சுத்தம். சைலன்சரைப் பழையபடி மாற்றியதில் பசு கயிற்றை அறுப்பதை நிறுத்தியது. ஜென் அதற்கப்புறம்தான் ஸ்போர்ட்ஸ் கார் ஆனது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்த வண்டியைத்தான் மூன்றாவது கியரில் நிம்மதியாகப் பாடவிட முடியும்.

பிறகு ஒரு நாள் அதை விற்றேன். ஸ்பாய்லர், கூம்பு, நெருப்பு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் வண்டியோடு கொடுத்துவிட்டேன். வாங்க வந்த பையனுக்குப் பதினெட்டு வயசு. கண்ணில் அதே வெளிச்சம். புளியமரக் கட்டையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். இப்போது ஓட்டுகிற வண்டியின் டிக்கியில் அது கிடக்கிறது. எடை மூன்று கிலோ இருக்கும். ஐந்தாம் படியில் எடை குறைக்கும்போது அதை மட்டும் இறக்கிவிடாதீர்கள், தம்பி.